ஆர்ட்டிக்கிள் பிள்ளைகளின் கதை

மஸ்கட்டில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு இடத்தில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் பிள்ளைகள் படிப்பில்தான் வந்து நிற்கும். இஞ்சினியரிங், மெடிக்கல் தாண்டி இப்போது காமர்ஸ் எடுக்கிற பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். நான் பி.காம். படித்த பேங்க்காரன், இங்கே வருவதற்கு முன் எட்டு வருடம் பெங்களூர் கிளைகளில் ஆபீசராக இருந்தவன் என்பதால் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "சார், பையன் சி.ஏ. இண்டர் பாஸ் பண்ணிட்டான். பெங்களூர்ல பிக் ஃபோர் கம்பெனில ஆர்ட்டிக்கிள்ஷிப் கிடைச்சிருக்கு. அனுப்பலாமா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை வாங்குவாங்களாமே?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அந்த ராத்திரி ரெண்டு மணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதனால் கொஞ்சம் பழைய கதை.

ஆர்ட்டிக்கிள் என்றால் இங்கே கட்டுரை இல்லை, ஒப்பந்தத்தின் ஷரத்துகள். ஒரு தொழிலாளியிடம் சீடனாகச் சேருகிறவன் எழுதிக் கொடுக்கிற பத்திரத்தின் ஷரத்துகள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடிட்டராக வேண்டும் என்றால் இப்படி எழுதிக் கொடுத்து ஐந்து வருடம் உழைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. அதற்கு மேல், சேர்த்துக்கொள்வதற்கே பையனின் அப்பா பெரிய தொகையைக் கட்ட வேண்டும். நம் குருகுலம் மாதிரிதான், ஆனால் தட்சிணையை முன்கூட்டியே வசூல் பண்ணிவிடுவார்கள் :-)

அந்த ஏற்பாடுதான் கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. 1913 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ஆடிட்டர் என்று போர்டு மாட்ட முடியாது என்று ஆனது. 1918ல் பம்பாயில் ஜி.டி.ஏ. என்கிற அரசாங்க டிப்ளமா தொடங்கியது. பரீட்சையில் தேறுவதோடு மூன்று வருடம் ஒரு ஆடிட்டரிடம் பயிற்சியும் முடிக்க வேண்டும். 1932ல் அகில இந்திய அளவில் விதிகள் வந்தன. 1949 ஜூலை 1 அன்று ஐ.சி.ஏ.ஐ., அதாவது நாம் 'இன்ஸ்டிட்யூட்' என்று சொல்வது, பிறந்தது.

இந்தக் காலகட்டத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. சென்னையைச் சேர்ந்த ஆர்.சிவபோகம். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஒரு வருடம் வேலூர் சிறையில் இருந்தவர். வெளியே வந்து, சென்னையில் சி.எஸ்.சாஸ்திரி என்கிற ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிளாகச் சேர்ந்தார். 1933ல் ஜி.டி.ஏ. தேறினார். சிறைக்குப் போனவர்களைக் கணக்காளராகப் பதிவு செய்யக்கூடாது என்று விதி குறுக்கே வந்தது. வழக்குப் போட்டு ஜெயித்து, 1937ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னால் இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைவராகவும் இருந்தார்.

அந்தக் காலத்து ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் கஷ்டம் இருந்தது, ஆனால் பேரம் நியாயமானது. பிரின்சிபலும் ஆர்ட்டிக்கிளும் ஒரே அறையில் இருந்தார்கள். பையன் வவுச்சர் டிக் அடித்தால் பெரியவர் பார்ப்பார், தப்பு என்றால் அங்கேயே குட்டுவார். பணம் குறைவு, படிப்பு அதிகம். அதுதான் ஒப்பந்தம்.

காலப்போக்கில் விதிகள் மாறின. ஆர்ட்டிக்கிளிடம் எந்த வடிவத்திலும் பணம் வாங்கக் கூடாது என்று 1988 ஒழுங்குமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. திருப்பி அவனுக்குத்தான் ஸ்டைபண்ட் கொடுக்க வேண்டும். எவ்வளவு? 2000களில் பெங்களூர் மாதிரி பெருநகரத்தில் குறைந்தபட்சம் முதல் வருடம் மாதம் 1,000, அடுத்து 1,250, அதற்கடுத்து 1,500 ரூபாய். 2020களின் தொடக்கத்தில் அது 4,000, 5,000, 6,000 என்று ஆனது. (பெரிய நிறுவனங்கள் இதைவிட நன்றாகவே கொடுக்கின்றன.) 2006ல் சட்டத்திருத்தம் வந்த சமயத்தில் 'ஆர்ட்டிக்கிள்ட் கிளார்க்' என்ற பெயரும் 'ஆர்ட்டிக்கிள்ட் அசிஸ்டெண்ட்' என்று மாறியது. பெயருக்கு பிரமோஷன்!

சரி, பெரிய கம்பெனிகள் எப்போது வந்தன? பிரைஸ் வாட்டர்ஹவுஸ் ரொம்பக் காலம் முன்பே கல்கத்தாவில் கடை போட்டுவிட்டது. உலகத்தில் எட்டுப் பெரிய நிறுவனங்கள் இருந்தன. 1989ல் இரண்டு பெரிய இணைப்புகள், ஆறு ஆயின. 1998ல் பிரைஸ் வாட்டர்ஹவுசும் கூப்பர்ஸும் சேர்ந்து ஐந்து. என்ரான் விவகாரத்தில் 2002ல் ஆர்தர் ஆண்டர்சன் காலியாகி நான்கு. நம் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக இங்கே ஆடிட் பண்ண முடியாது. அதனால் இவர்களோடு இணைந்த இந்திய நிறுவனங்கள் கையெழுத்துப் போடுகின்றன. பையனின் ஆர்ட்டிக்கிள்ஷிப் பத்திரத்தில் வேறு ஏதோ பெயர் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், காரணம் இதுதான்.

பெங்களூரில் ரொம்ப நாளாக ஆடிட் என்றால் பீன்யா பட்டறைகள், சிக்பேட்டை ஜவுளிக்கடைகள், கூட்டுறவு சங்கங்கள் என்றுதான் இருந்தது. அதை மாற்றியது ஐ.டி. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் நாஸ்டாக்கில் பட்டியலானது, இந்தியாவில் பதிவான கம்பெனிகளில் முதல் ஆள். 2000ல் விப்ரோ நியூயார்க் போனது. இவர்கள் காலாண்டு முடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் கணக்கை வெளியிடுகிற பழக்கத்தைக் கொண்டு வந்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, நியாயம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் ரிசல்ட் என்றால் அந்த இரண்டு வாரத்தின் ராத்திரிகளை யாரோ கொடுத்தாக வேண்டும். அதோடு இந்தியக் கணக்கு ஒன்று, அமெரிக்க முறைக் கணக்கு ஒன்று என்று இரட்டை வேலை. என்ரானுக்குப் பிறகு அமெரிக்காவில் வந்த 2002 சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தால், உள் கட்டுப்பாடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைப்பது யார்? பார்ட்னர் இல்லை. மேனேஜரும் அதிகம் இல்லை. இருபது, இருபத்தொரு வயது ஆர்ட்டிக்கிளும், புதிதாக சி.ஏ. முடித்துச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களும்தான்.

இந்தப் பிள்ளைகளை நான் பார்த்தது கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து. ஏப்ரல் பிறந்தால் வங்கிக் கிளைகளுக்கு ஆடிட் வரும். அதற்கு வருவது பெரும்பாலும் சின்ன, நடுத்தர ஆபீஸ்கள். சி.ஏ. ஒருவர், கூட இரண்டு மூன்று ஆர்ட்டிக்கிள்கள். ஸ்டாக் ஸ்டேட்மெண்டை எடுத்து டிராயிங் பவர் கணக்குப் போடுவார்கள், 90 நாள் தாண்டிய கடன்களைத் தோண்டுவார்கள். பெரிய நிறுவனப் பிள்ளைகள் வேறு வேலையாக வருவார்கள். கையில் ஒரு கடிதம்: 'எங்கள் கிளையண்ட் கம்பெனிக்கு மார்ச் 31 அன்று உங்கள் வங்கியில் என்ன இருப்பு, என்ன டெபாசிட், என்ன கடன் என்று எங்களுக்கு நேரடியாக எழுதித் தரவும்.' வெளியே உட்கார்ந்து காத்திருப்பார்கள். சிலர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள். முந்தின நாள் பொம்மசந்திராவிலோ ஒசூரிலோ விடியற்காலை வரை ஸ்டாக் எண்ணிவிட்டு வந்திருப்பார்கள்.

அற்பமான வேலை மாதிரி தெரியும். தபால்காரன் வேலைதானே என்று ஒரு பெண் என்னிடமே அலுத்துக்கொண்டாள். "இல்லம்மா, உங்க ஆடிட்டிலேயே இதுதான் பெரிய வேலை" என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

2009 ஜனவரி 7. ஐதராபாத்தில் சத்யம் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! இவ்வளவு பெரிய பொய்யை எது கண்டுபிடித்திருக்கும்? மேலே சொன்ன அதே கடிதம்தான். ஆடிட்டர் தானே அனுப்பி, வங்கி நேரே ஆடிட்டருக்குப் பதில் போட வேண்டிய கடிதம். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழு அதை சத்யம் கையிலேயே கொடுத்து, பதிலையும் சத்யம் வழியாகவே வாங்கிக்கொண்டது என்று அமெரிக்க செக் அமைப்பு 2011 ஏப்ரலில் சொன்னது. அது சத்யத்தோடு நின்ற தவறில்லை, அந்த நிறுவனங்களில் இருந்த வழக்கமே அப்படி என்றும் சொன்னது. செக்குக்கு 60 லட்சம் டாலர், கணக்குத் துறைக் கண்காணிப்பு அமைப்புக்கு 15 லட்சம் டாலர் அபராதம். கூடவே, ஊழியர்களுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடு என்று உத்தரவு.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தக் கடிதத்தை ஏன் கிளையண்ட் கையில் கொடுக்கக் கூடாது என்று ஒரு ஜூனியருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை என்றால், அவன் என்ன செய்வான்? ராத்திரி பத்து மணிக்கு, 'கொடுத்துட்டுப் போங்க, நாங்களே வாங்கித் தர்றோம்' என்று கம்பெனி அக்கவுண்டண்ட் அன்பாகச் சொன்னால், கொடுத்துவிட்டுப் போவான்.

பெங்களூரும் தப்பவில்லை. கஃபே காபி டே அதிபர் சித்தார்த்தா 2019 ஜூலையில் இறந்த பிறகு விசாரித்தபோது, ஏழு துணை நிறுவனங்களிலிருந்து 3,535 கோடி ரூபாய் அவர் குடும்பத்தின் எஸ்டேட் கம்பெனிக்குப் போயிருந்தது தெரிந்தது. 2018ல் உருவான என்.எஃப்.ஆர்.ஏ. என்கிற ஆடிட் கண்காணிப்பு ஆணையம், அந்தக் குழுமத்தின் ஆடிட்டர்கள் சிலருக்கு அபராதமும் தொழில் தடையும் விதித்தது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு ஊழலுக்குப் பிறகும் புதுச் சட்டம், புது செக்லிஸ்ட். என்ரானுக்கு சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி. சத்யத்துக்குப் பிறகு 2013 கம்பெனிச் சட்டம். 'எழுதி வைக்காத வேலை செய்யாத வேலை' என்பது ஆடிட் ஆபீஸ் வேதவாக்கு. தப்பு நடப்பது மேல்மட்டத்தில், அதற்குப் பரிகாரமாக வருகிற பேப்பர் எல்லாம் விழுவது கீழ்மட்டத்தில். ஆடிட் கட்டணமோ கிளையண்டோடு பேரம் பேசி முடிவாகிறது, பேப்பர் கூடிய அளவுக்கு ஏறுவதில்லை. இடையில் இருக்கிற பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது? பிள்ளைகளின் தூக்கத்தைப் போட்டு.

வாரம் 35 மணி நேரம் என்று இன்ஸ்டிட்யூட் பல வருடமாக ஆர்ட்டிக்கிள்களுக்கு அளவு சொல்லி வந்திருக்கிறது. பிஸி சீசனில் அந்த 35 மணி பல இடங்களில் மூன்று நாளில் முடிந்துவிடும். ஆர்ட்டிக்கிள் ஊழியனும் இல்லை, மாணவன். சங்கம் கிடையாது, ஓவர்டைம் கிடையாது. முதல் வருடம் தாண்டிவிட்டால் குறிப்பிட்ட சில காரணங்கள் இல்லாமல் பிரின்சிபலை மாற்றவும் முடியாது.

2024ல் புனேயில் பெரிய நான்கில் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதத்தில் ஒரு இளம் சி.ஏ. இறந்துபோனார். வேலைப் பளுவைப் பற்றி அவர் தாய் எழுதிய கடிதம் அந்த செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விசாரணை என்றது. அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு விஷயம். அந்தத் தாய் பணம் கேட்கவில்லை. இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நடக்கக்கூடாது, உங்கள் வேலைமுறையை மாற்றுங்கள் என்றுதான் கேட்டார்.

2023 ஜூலை முதல் ஆர்ட்டிக்கிள்ஷிப் மூன்றிலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. கஷ்டகாலம் குறைந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் கற்றுக்கொள்கிற காலமும்தான் குறைந்திருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது முன்னைவிட முக்கியம்.

ஆக, அனுப்பலாமா? அனுப்பலாம். பெரிய கம்பெனிகளின் கணக்கைக் கிட்டத்தில் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. பெயருக்கும் மதிப்பு உண்டு, வளைகுடாவில் அது எவ்வளவு செல்லும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கேயே இப்போது ஆர்ட்டிக்கிளாக இருக்கிற இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக் கேளுங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்களா, மாற்றுகிறார்களா? பரீட்சைக்கு லீவு கேட்டால் முகம் எப்படி மாறுகிறது? 'இது சரியாகப் படவில்லை சார்' என்று சொன்னால் மேனேஜர் கேட்பாரா, இல்லை 'போன வருஷம் மாதிரியே போட்டுடு' என்பாரா?

சேர்த்துவிட்ட பிறகு போனில் 'மார்க் எவ்வளவு' என்று கேட்பதற்கு முன் 'நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே' என்று கேளுங்கள். தொடர்ந்து பதில் மழுப்பலாக வந்தால் ஒரு நடை பெங்களூர் போய்விட்டு வாருங்கள். மஸ்கட்டிலிருந்து மூன்று மணி நேரச் சொச்சம்தான் பயணம்.