கிட்டு - கணக்கின் இரண்டு பக்கம்

மைசூருக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடைக்குப் போகும்போது பழக்கமானவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். போன ஞாயிறு பேச்சு கிட்டுவிடம் போய் நின்றது.

நம்மில் பலருக்கும் கிட்டு என்றால் யாழ்ப்பாணத்தை ராணுவத்திடமிருந்து காத்த தளபதி, அவ்வளவுதான். அது பொய்யில்லை. வல்வெட்டித்துறைக்காரர், இயற்பெயர் சதாசிவம் கிருஷ்ணகுமார். 1985 ஜனவரியில் பண்டிதர் அச்சுவேலியில் இறந்த பிறகு யாழ் தளபதி ஆனார். அவர் காலத்தில் ராணுவம் கோட்டைக்கும் முகாம்களுக்கும் உள்ளே முடங்கியது. ஊர் வழக்குகளைக் கூட இயக்கமே தீர்த்தது. 1986 கடைசியில் சிங்கள அதிகாரிகளோடு நேரில் பேசிக் கைதிகளை மாற்றிக்கொண்டார்.

பேங்க் புத்தி, பற்று என்றால் வரவையும் பார்க்கச் சொல்கிறது (இங்கே எது பற்று, எது வரவு என்று என்னைக் கேட்காதீர்கள்!). அதே 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோ மீது பாய்ந்தார்கள். மே 6ல் அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். தலைமை தாங்கியது இதே கிட்டுதான். செத்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பையன்கள்.

பெரியவர் சொன்னார்: "சந்தியில பெடியளைப் போட்டு எரிச்சவங்கள் தம்பி. என்ர மச்சான்ர மகனும் டெலோவில இருந்தவன். நான் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்தனான்."

பாலஸ்தீன இயக்கங்களும் தமக்குள் அடித்துக்கொண்டவைதான். 1970களில் ஈரோஸ் மூலம் நம் பையன்கள் சிலர் லெபனானுக்குப் போய் அவர்களிடம் பயிற்சி எடுத்தார்கள். துப்பாக்கியோடு இதையும் கற்றார்களோ என்று தோன்றும். ஆனால் அது சாக்கு என்றே நினைக்கிறேன்.

1987 மார்ச்சில் கையெறி குண்டு வீச்சில் கிட்டுவின் ஒரு கால் போனது. அதற்குப் பழியாகப் புலிகளின் காவலில் இருந்த மாற்று இயக்கத்தவர் பலர் சுடப்பட்டார்கள். தளபதியின் காலைப் பேசுகிறவர்கள் இவர்களைப் பேசுவதில்லை.

பிறகு சென்னை, லண்டன். 1993 ஜனவரியில் 'அஹத்' கப்பலில் திரும்பும்போது இந்தியக் கடற்படை மறித்தது. ஆயுதம் என்றது இந்தியா, சமாதானத் திட்டம் என்றார்கள் புலிகள். 16ஆம் தேதி கப்பல் வெடித்து எரிந்தது. கிட்டுவோடு ஒன்பது பேர் போனார்கள். அவருக்கு வயது 33.

அப்போது அழுதீர்களா ஐயா என்று கேட்டேன்.

"அழுதனான் தம்பி. மச்சான் வீட்டுக்குத் தெரியாம."