வங்காலையில் பறவைகளை எண்ணியவர்கள்



மன்னார்ப் பாலத்தால் போகும்போது தண்ணீருக்குள் நிற்கும் பூநாரைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பஸ் ஜன்னலால் படம் எடுத்து முகநூலில் போட்டும் இருக்கிறோம். அந்த இடம் சட்டப் பாதுகாப்புக்குள் வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

வங்காலை 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 ஜூலையில் ராம்சார் ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையில் அது நான்காவது. அந்தப் பட்டியலுக்கான தகுதிகளில் ஒன்று, குறைந்தது 20,000 நீர்ப்பறவைகள் வழமையாக வந்து தங்க வேண்டும் என்பது. வங்காலைக்கு அந்தத் தகுதி இருந்தது. ஆனால் 20,000 என்பதை அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. யாராவது வெயிலிலும் சேற்றிலும் நின்று எண்ண வேண்டும்.

அப்படி எண்ணும் வழக்கம் பழையது. அமெரிக்காவில் நத்தார் நாளில் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டி நடக்கும். 1900இல் 27 பேர் சுடுவதற்குப் பதிலாக எண்ணினார்கள். நம் பக்கத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. இலங்கையில் அதை நடத்துவது 1943இல் உருவான இலங்கைப் பறவைகள் கழகம். ஒவ்வொரு ஜனவரியும் தொண்டர்கள் குளம் குளமாகப் போகிறார்கள். பெருங்கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று கணக்கிடுவார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

நம் மண்ணில் அதற்கும் தடை இருந்தது. 1990இல் பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்களாகிய நாம் வெளியேற்றப்பட்டோம். போர்க்காலத்தில் மனிதரையே சரியாக எண்ண முடியாத ஊரில் பறவையை யார் எண்ணுவது? புதிய பாலம் 2010இல்தான் திறக்கப்பட்டது.

இன்று அந்த எண்ணிக்கைக்கு வேறு பெறுமதி வந்துவிட்டது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. புதிய திட்டத்துக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தாக்கலாயின. 2025 ஓகஸ்டில் நம் மக்கள் வீதிக்கு வந்தார்கள். நம் தீவு வலசைப் பறவைகளின் வழி. 2021இல் இங்கே ஜி.பி.எஸ். கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போயின. காற்றாலை வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் ஒரே கேள்விதான்: எந்த மாதம், எந்த இடத்தில், எத்தனை பறவை? அதற்கான பதில் வெளியூராரின் ஏட்டில் மட்டும் இருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் நாம் வெறுங்கையோடுதான் இருப்போம்.

ஆகவே பெற்றோரே, வரும் ஜனவரியில் கணக்கெடுப்புக்கு வருபவர்களோடு உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு தொப்பி போதும். கூட்டத்துக்குக் கல் எறிய வேண்டாம், நாயை அவிழ்த்துவிட வேண்டாம், பொலித்தீன் பையைத் தண்ணீரில் போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

மீன்பிடிக்கும் காக்காமாரே, அண்ணன்மாரே, இந்தப் பறவைகளுக்கு நம் ஊரில் வழங்கும் பெயர்கள் உங்களுக்குத்தான் தெரியும். கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் கொப்பியில் முதலில் அவற்றைப் பதிவோம்.