மனைத்தோட்டத்தில் கிளை கழித்தல்: ஒரு வரலாற்று நோக்கு

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அண்மையில் உள்ளது சாக்கோட்டை. குடந்தையை அடுத்துள்ள அப்பெயருடைய ஊரின் இது வேறு. இவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரம் வீரமரம். அதனால் வீரவனம் என்னும் பெயரும் இத்தலத்திற்கு உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) இதன்மேல் வீரவனப் புராணம் பாடினார். தலமரத்தின்மேல் கத்தி வைத்தல் ஆகாது என்பது நம் மரபு. கோயிலைச் சூழ்ந்த மனைகளின் பின்புறத்திலோ, கொய்யாவையும் மாதுளையையும் ஆண்டுதோறும் வெட்டிவிடவேண்டும், வெட்டாவிடின் காய்ப்புக் குறையும் என்பது தோட்டமுடையார் கொள்கை. மரத்தை வெட்டலாகாது என்பதும், வெட்டியே ஆகவேண்டும் என்பதும் ஓரூரிலேயே அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டனுள் பின்னையது எதனால் நம்மிடையே வேரூன்றியது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

பயன் கருதிப் பழமரத்தின் கிளைகளைக் கழித்தலை இன்று கவாத்து என்கிறோம். சங்க நூல்களிலும் பிற்கால அறநூல்களிலும் இச்சொல் இல்லை. சொல் இல்லாமை ஒன்றே கொண்டு தொழிலும் இல்லை என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆதலின், மரத்தை வெட்டுதல் பற்றிப் பழைய நூல்களால் அறியப்படுவனவற்றை முதற்கண் தொகுத்து நோக்குவோம். அவை மூவகைப்படும்.

முதலாவது, பகைவன் வெட்டு. வேந்தர்தம் காவல் மரத்தைப் பகைவேந்தர் வெட்டி வீழ்த்துதல் வெற்றிச் செயல்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. புறநானூற்றின் 57ஆம் பாட்டில் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனை நோக்கிப் பகைவரின் கடிமரங்களைத் தடியாது விடுமாறு வேண்டுகிறார். நன்னனது மாமரத்தைக் கோசர் அழித்த செய்தியைக் குறுந்தொகை கூறும். ‘தடிதல்’ என்னும் வினை மரத்திற்கும் மாற்றார்க்கும் ஒப்ப வழங்கியது. முருகன் சூரனாகிய மாவைத் தடிந்தான் என்னுமிடத்தும் அச்சொல்லே வருகிறது. இங்கு வெட்டு என்பது அழிவு.

இரண்டாவது, இடையன் வெட்டு. ஆடுகளுக்குத் தழை வேண்டிக் கிளையை முற்றும் அறுபடாமல் வெட்டிச் சாய்த்து விடுவது இடையர் வழக்கம். ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்பது பழமொழி. இடையன் எறிந்த மரம் பழமொழி நானூற்றிலும் உவமையாக எடுத்தாளப்பட்டுள்ளது. இங்கு வெட்டின் பயன் தழையே, கனியன்று.

மூன்றாவது, மருத்துவன் வெட்டு. கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் மரங்களின் நோய்க்கு மருத்துவம் கூறுங்கால், நோயுற்ற பகுதியை முதலில் கத்தியால் களைந்து தூய்மை செய்து, வாய்விளங்கமும் நெய்யும் சேறும் கலந்து பூசிப் பாலும் நீரும் தெளிக்குமாறு பணிக்கிறார். இம்மூன்றனுள் இன்றைய கவாத்திற்கு மிக நெருங்கியது இதுவே. ஆயினும் இது நோய்க்குரிய மருத்துவமேயன்றி, நலமாய் நிற்கும் மரத்தை மிகுதியாகக் காய்க்கச் செய்தற்குரிய வழியன்று.

திருக்குறளின் உழவு அதிகாரமும் ஈண்டு நோக்கற்பாலது. உழுதல், எருவிடுதல், களை கட்டல், நீர் பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தையும் அது ஒப்பிட்டுக் கூறுகிறது. கிளை கழித்தல் அவற்றுள் இல்லை. அக்குறள் வயற்பயிரைக் கருதியது என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எனவே சான்றை வேறிடத்தில் தேடுவோம்.

அச்சான்று பிருகத் சங்கிதையிலேயே உளது. மரத்திற்கும் மரத்திற்கும் இடையே 20 முழம் விடுதல் தலை, 16 முழம் இடை, 12 முழம் கடை என்று அந்நூல் வரையறுக்கிறது. ஒன்றையொன்று தொடுமாறு நெருங்கி, வேரோடு வேர் பிணைந்து நிற்கும் மரங்கள் நன்கு காயா என்று காரணமும் காட்டுகிறது. 20 முழம் ஏறத்தாழ 30 அடி. அவ்வளவு இடம் பெற்ற மரம் நாற்புறமும் ஒளியும் காற்றும் பெறும். கத்தியால் பெறவேண்டிய பயனில் பெரும்பகுதியை அங்கு இடைவெளியே தந்துவிடுகிறது. பழந்தோப்பு இடைவெளியை நம்பியது; இன்றைய மனைத்தோட்டம் கத்தியை நம்புகிறது. இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ விழையும் கருத்து.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எனப் பின்னோக்கி நீள்வது. கட்டடம் கொண்டது போக எஞ்சிய பின்புறம், 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உடையது எனக் கொள்வோம். மரம் ஒன்றற்கு நாற்புறமும் 30 அடி சதுரம் ஒதுக்கினால் அங்கு இரண்டு மரங்களே நிற்கும். கடையளவாகிய 12 முழம் கொள்ளினும் மூன்றுக்கு மேல் இடமில்லை. மாமரத்திற்கு இக்காலத்தார் வகுத்துள்ள மிக அடர்ந்த நடவில் இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். எக்டேருக்கு 1,666 மரங்கள். அவ்வளவையின்படி அதே நிலத்தில் 24 மரங்கள் நிற்கும். ஆயின், அறுவடைதோறும் கிளைகளை வெட்டிக் குட்டையாக வைத்திருந்தாலன்றி அவை சின்னாளில் ஒன்றையொன்று மூடிவிடும். இடைவெளி சுருங்கிய அளவிற்குக் கத்தியின் வேலை பெருகியது என்க.

இடம் சுருங்கியதோடு மரங்களும் மாறின. மாவும் பலாவும் வாழையும் தெங்கும் நம் பழைய மரங்கள். கொய்யா, சீத்தா, பப்பாளி, சப்போட்டா ஆகியவை அமெரிக்க நிலப்பகுதிக்கு உரியவை. ஐரோப்பியர் கடல்வழி வந்தபின் இங்கு வேரூன்றியவை. கொய்யா என்னும் பெயர் ‘கொய்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது போலத் தோன்றினும், ‘கொயாபா’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபே ஆகும். பழைய மரங்களுள் பலா அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் காய்ப்பது. நுனிக்கிளையை வெட்டுவதால் அதற்குப் பெரும்பயன் இல்லை. கொய்யாவோ புதிதாகத் துளிர்க்கும் கிளையில் பூப்பது. நுனியை வெட்டிப் புதுத்துளிர் வரச்செய்தால் காய்ப்பு மிகும். எனவே வெட்டை வேண்டும் மரம் வந்தபோது வெட்டும் முறையும் உடன் வளர்ந்தது எனக் கருதுதற்கு இடனுண்டு.

எம்மரத்தை வெட்டலாம், எதனை வெட்டலாகாது என்னும் அடிப்படை வேறுபாட்டைத் தொல்காப்பியம் அன்றே கண்டது. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்று மரபியல் பிரிக்கிறது. புல்லின் உறுப்புகளாக மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியவற்றையும், மரத்தின் உறுப்புகளாக இலை, தளிர், சினை, அரும்பு முதலியவற்றையும் கூறுகிறது. கிளையைக் குறிக்கும் ‘சினை’ மரத்திற்கே உரியதாக வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. தெங்கு, பனை, கமுகு ஆகியவற்றிற்கு வளரும் முனை குருத்து ஒன்றே. அதனை வெட்டினால் அவை மாளும். மா முதலியவற்றிற்கோ நுனி போயினும் பக்க மொட்டுகள் எழும். நுனியில் உண்டாகும் வளர்ச்சிப் பொருள் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை 1933-34ஆம் ஆண்டுகளில் திமான், ஸ்கூக் என்னும் அறிஞர் இருவர் ஆய்வால் காட்டினர். நுனியை வெட்டினால் அவ்வடக்கம் நீங்கும்; கவாத்தின் அடிப்படை இதுவே.

இனி, சாக்கோட்டை போன்ற செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த, வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பிய நிலத்திற்கு ஏற்ப வகைதோறும் முறையை நிரல்படக் கூறுவோம். மா, முன்பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளையின் நுனியில், பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் பூப்பது. ஆதலின் காய் பறித்தவுடன், ஆடி ஆவணியில், பட்ட கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் களைதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் பூக்கவிருக்கும் நுனியே வெட்டுப்படும். கொய்யாவில் முன்பருவக் கிளைகளின் நுனியை 10 முதல் 15 செ.மீ. வரை, மழைக்கு முன் புரட்டாசியிலும் பின்னர் மாசியிலும் வெட்டுவர். மாதுளையில் தூரிலிருந்து எழும் கிளைகளுள் நான்கை மட்டும் நிறுத்தி, மார்கழியில் பட்டனவற்றையும் நோயுற்றனவற்றையும் நீக்குவர். எலுமிச்சையில் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை பக்கக்கிளைகளை விடார்; நேராக விரைந்தெழும் நீர்க்கொம்புகளையும் களைவர். பலாவில் பட்டகிளையும் பழைய காம்பும் நீக்கினால் போதும். வாழையில் கழிப்பது கிளையன்று, மிகையான பக்கக்கன்றையே. தென்னையில் காய்ந்து தொங்கும் மட்டையை மட்டுமே நீக்கலாம். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்புக் குன்றும்.

வெட்டும் முறையிலும் பழமைக்கும் புதுமைக்கும் வேறுபாடு உண்டு. மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. புண்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவரிட்டதுபோல் அடைத்துவிட்டுப் புதிதாக வளர்கிறது என்று அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் சைகோ (1930-2006) நிறுவினார். கிளை அடிமரத்தோடு சேருமிடத்துள்ள புடைப்பைச் சிதைக்காமல், அதற்கு வெளியே வெட்டவேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. அவ்வாறு வெட்டின் மேற்பூச்சு பெரும்பாலும் வேண்டுவதில்லை. இடையனின் அறாவெட்டு பட்டையைக் கிழித்துப் புண்ணைப் பெரிதாக்குவது. ஆதலின் அது கவாத்தின் முன்னோடியன்று, அதற்கு மாறானது. வராகமிகிரர் கூறிய கத்தித் தூய்மையோ இன்றும் பொருந்துவது.

எஞ்சியது சொல்லின் வரலாறு. கவாத்து என்னும் சொல் தமிழ்த் தொழிலாளரிடையே ஆழமாக வேரூன்றிய இடங்களுள் தேயிலைத் தோட்டம் ஒன்று. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கினார். முன்னர்க் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்கச் சென்றவருள் அன்றைய இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளைச் சேர்ந்தோர் பலர். சாக்கோட்டையும் அச்சீமைப் பகுதியதே. கவாத்து வெட்டுதல் மலைநாட்டுத் தொழில்களுள் கடினமான ஒன்று. அங்கே கூலிக்குக் கற்ற கைத்திறனும் சொல்லும் ஊர் மீண்டோருடன் வந்து மனைத்தோட்டத்திலும் பரவின எனக் கொள்ளுதல் பொருத்தமுடைத்து.

இதுகாறும் கூறியவற்றால், கனிப்பயன் கருதிய கிளை கழித்தல் நம் பழைய தோப்பு மரபில் முதன்மை பெறாமைக்குக் காரணம் அறியாமை அன்று, தேவை இன்மையே என்பது போதரும். அகன்ற இடமும் அதற்கேற்ற மரமும் இருந்தவரை கத்திக்கு வேலை குறைவு. இடம் குறுகி, புதுமரங்கள் வந்து, தோட்டத்தொழில் பழகிய கைகளும் வாய்த்தபோது கவாத்து வேண்டுவதாயிற்று. ஆகவே வீரமரத்தின்மேல் கத்தி வையாமையும் கொய்யாவின்மேல் வைத்தலும் முரணல்ல. ஒன்று இடம் மிகுந்திருந்த காலத்து எச்சம், மற்றொன்று இடம் அரிதான காலத்துத் தேவை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தவிர்ப்பார் காய்ப்பை இழப்பர். பின்னதைக் காட்டி முன்னதன்மேல் கத்தி வைப்பார் வீரவனம் என்னும் பெயருக்கு எஞ்சிநிற்கும் சான்றையே இழப்பர்.