டோப் நிறம்: போனில் பழுப்பு, சுவரில் ஏன் பிங்க்?

‘வெள்ளை சீக்கிரம் அழுக்காகும், அடர் நிறம் ரூமைச் சின்னதாக்கும், பேசாம டோப் அடிச்சிடலாம்’ என்று முடிவு செய்துவிட்டீர்களா? பெயிண்டரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

டோப் என்றால் என்ன?

சாம்பலுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறம். மண்ணைத் தோண்டி வாழும் ‘மோல்’ என்ற சிறு விலங்குக்கான பிரெஞ்சுப் பெயர்தான் டோப். அதன் ரோமத்தின் நிறமே இது.

ஏன் வீட்டில் வேறு மாதிரி தெரிகிறது?

டோப்புக்குள் பிங்க், பச்சை அல்லது மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கும். ஷேட் கார்டை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள், சாயல் வெளியே வந்துவிடும். அடுத்தது வெளிச்சம். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் டோப் சாம்பலாகத் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் பழுப்பு கூடும். வடக்கு ஜன்னல் அறையில் நேரடி வெயில் குறைவு என்பதால் நிறம் இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும்.

எல்ஆர்வி எண்ணைப் பாருங்கள்

சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் இது. எண் கூடக்கூட அறை வெளிச்சமாக இருக்கும். பக்கத்துக் கட்டடம் ஜன்னலை மறைக்கும் ஃபிளாட் என்றால், 50-க்கு மேல் உள்ள வெளிர் டோப்பே நல்லது.

எவ்வளவு பெயிண்ட் வேண்டும்?

10x12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைப்போம். நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. டின்னில் ‘இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி’ என்றிருந்தால் 3.3 லிட்டர், அதாவது 4 லிட்டர் டின் போதும். சீலிங் இதில் சேராது.

வாடகை வீடா?

பெங்களூருவில் காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது பரவலான வழக்கம். நீங்களே செலவழித்து டோப் அடித்த பிறகும் அந்தத் தொகை போகலாம். எனவே ஓனரின் சம்மதத்தையும், பிடித்தம் உண்டா இல்லையா என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அடிக்கும் முன்

* சின்ன சாம்பிள் வாங்கி, இரண்டு சுவரில் 2x2 அடிக்கு இரண்டு கோட் அடியுங்கள். எமல்ஷன் காய்ந்த பிறகு சற்று அடர்த்தியாகும்.
* காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள்.
* சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பட்டி பார்த்து மூடினாலும் திரும்ப உரியும்.
* டின்னில் ஈயம் பற்றிய குறிப்பைத் தேடுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்பது 2016-ல் வந்த மத்திய அரசு விதி.

போன் திரையை நம்பி 4 லிட்டர் கலந்துவிட்டால், கலர் கலந்த டின்னைக் கடைக்காரர் திரும்ப எடுப்பது அபூர்வம். சாம்பிளுக்குச் செலவழிக்கும் ஒரு நாள் லாபம்தான்.