மாணவர் திரைப்படமும் அச்சில் வார்த்த மாந்தரும்

ஒரு சமூகத்தைப் பிறர் தீட்டிய உருவிலேயே உலகம் காணுமாயின், அச்சமூகத்துக்கு விளையும் தீங்கு சிறிதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1915ஆம் ஆண்டில் கிறிபித் என்பார் ஆக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் திரைப்படத்தில், முகத்திற் கருமை பூசிய வெள்ளை நடிகர் கறுப்பினத்தாரைக் கொடியவராக நடித்துக் காட்டினர். கு கிளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கூட்டம் அவ்வாண்டிலே மீண்டும் தலையெடுத்தற்கு அப்படமும் தூண்டுகோலாயிற்று. 1970களின் தொடக்கத்திற் பெருகிய வணிகப் படங்களோ அம்மக்களைத் துப்பாக்கி ஏந்திய வீரராகவும் போதைப்பொருள் விற்போராகவும் காட்டின. பழைய அச்சின் இடத்தைப் புதிய அச்சுப் பிடித்துக்கொண்டது.

இவ்விரு அச்சுக்களையும் ஒதுக்கியவருள் மாணவர் சிலரும் இருந்தமை நோக்கற்பாலது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற சாள்ஸ் பேர்னற், 'ஆடுகளைக் கொல்பவன்' என்னும் படத்தை 1977இல் தம் முதுமாணிப் பட்டத்துக்காக அளித்தார். கறுப்பினத் தொழிலாளர் வாழும் வாற்ஸ் பகுதியில், 10,000 டொலருக்கும் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது அது. அதன் நாயகன் ஆடடிக்குந் தொழிற்சாலையில் உழைப்பவன், உறக்கமின்றி வாடுபவன். அரும்பாடுபட்டு வாங்கிய பழைய மோட்டார் இயந்திரம் வண்டியிலிருந்து விழுந்து உடைய, வெறுங்கையனாய் மீள்கின்றான். அவன் குற்றவாளியுமல்லன், பெருவீரனுமல்லன். குடும்பத்தைக் காக்கப் பாடுபடும் ஒரு மனிதன்.

பாடல்களின் உரிமை பெறப்படாமையால் 2007 வரை இப்படம் பரவலாகத் திரையிடப்படவில்லை. எனினும் 1990இலேயே அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இழித்துரைக்கும் படத்துக்குப் புகழ்ந்துரைக்கும் படம் மாற்றாகாது. கைத்தொலைபேசி கொண்டே படமெடுக்கும் இக்கால மாணவர், தாம் காட்டப் புகும் மக்களின் அன்றாட உழைப்பை முதலில் உற்று நோக்குதல் வேண்டும்.