அரசியின் மணியோசை

ஆங்கில நாவலின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு தாவு தாவிவிடுகிறோம். ரிச்சர்ட்சன், ஃபீல்டிங், ஸ்டெர்ன் என்று ஆடவர் மூவரின் பெயரைச் சொல்லி முடித்ததும், அடுத்த மூச்சில் ஜேன் ஆஸ்டின் வந்துவிடுகிறார். இடையில் நாற்பதாண்டுக்கு மேல் வெற்றிடம். அவ்விடத்தில் நின்றவர்களுள் முதன்மையானவர் ஃபேனி பர்னி. இருபத்தைந்து வயதில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்று, முப்பத்து நான்காம் வயதில் அரசிக்கு ஆடை அணிவிக்கும் பணிப்பெண்ணாக அரண்மனைக்குள் அனுப்பப்பட்டவர். அந்த ஐந்தாண்டுக் கதையைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க எண்ணுகிறோம்.

பர்னி 1752ஆம் ஆண்டு நார்ஃபோக் பகுதியிலுள்ள கிங்ஸ் லின் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் பர்னி இசைக்கலைஞர். இசை வரலாறு எழுதிப் பெயர்பெற்றவர். எட்டு வயதுவரை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத குழந்தையாக இருந்த ஃபேனி, பின்னர் யாருக்கும் தெரியாமல் எழுதிக் குவிக்கத் தொடங்கினார். பெண் எழுதுவது குடும்பத்துக்கு இழுக்கு என்ற அச்சம் அவரைப் பிடித்தாட்டியிருக்க வேண்டும். தம் பதினைந்தாம் பிறந்தநாளில் அதுவரை எழுதிய அனைத்தையும் தீயிட்டுக் கொளுத்தினார். தங்கை சூசன் பக்கத்தில் நின்று அழுதாராம். எரிந்துபோனவற்றுள் ஒரு முழு நாவலும் இருந்தது. அந்நாவலின் நாயகிக்கு ஒரு மகள் உண்டு. சாம்பலிலிருந்து எழுந்த அம்மகளின் கதையே 1778இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'எவலினா'.

அதற்கான கையெழுத்துப்படியைப் பர்னி தம் இயல்பான எழுத்தில் எழுதவில்லை. தந்தையின் நூல்களைப் படியெடுத்துத் தந்தவர் அவரே என்பதால், அச்சகத்தார் கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவர் என்று அஞ்சி, எழுத்தை மாற்றி இரவுகளில் எழுதினார். பதிப்பாளரிடம் மாறுவேடத்தில் கொண்டு சேர்த்தவர் அவருடைய தம்பி. உரிமைத்தொகை இருபது கினி. நூல் வெளிவந்து லண்டனே அதைப் பற்றிப் பேசியபோதும் எழுதியவர் யார் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தபின் டாக்டர் ஜான்சனே அவரைக் கொண்டாடினார்.

இதற்கடுத்து நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. 1779இல் பர்னி ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். புலமை பேசும் சீமாட்டிகளைக் கேலி செய்வது அது. மேடையேற்றத் தக்க நாடகத்தை அவரிடமிருந்து எதிர்பார்த்து நாடகாசிரியர் ஷெரிடன் ஊக்கமும் அளித்திருந்தார். ஆனால் தந்தையும் குடும்ப நண்பர் சாமுவேல் கிரிஸ்ப்பும் கூடிப் பேசி அதைப் புதைத்துவிடும்படி அறிவுறுத்தினர். மகள் பணிந்தார். அந்நாடகம் அச்சேற இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. 1782இல் வந்த 'செசிலியா'வும் பெருவெற்றி. அதற்குக் கிடைத்த தொகை 250 பவுன். தம் புகழ்பெற்ற நாவலொன்றுக்கு ஜேன் ஆஸ்டின் சூட்டிய தலைப்பு 'செசிலியா'வின் இறுதிப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டதென்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அரண்மனைக்கு வழி திறந்தது ஒரு முதிய பெண்மணியின் வீட்டில். வின்ட்சரில் அரச குடும்பத்தின் அன்புக்குரியவராக வாழ்ந்த மேரி டெலேனி, எழுபது வயதைக் கடந்தபின் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி ஏறத்தாழ ஆயிரம் மலர்களை உருவாக்கியவர். அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. (அவரைப் பற்றியே தனிக்கட்டுரை எழுதலாம்.) 1785 டிசம்பரில் அவர் வீட்டில் மூன்றாம் ஜார்ஜ் அரசரும் சார்லட் அரசியும் பர்னியைச் சந்தித்தனர். அச்சமயம் வீட்டுக்கு எழுதிய கடிதமொன்றில், அரசர்முன் இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் உயிரே போனாலும் வெளிக்காட்டக்கூடாது என்று அரண்மனை ஒழுங்கை நையாண்டி செய்து பர்னி எழுதியிருக்கிறார். சில மாதங்களில் அந்த ஒழுங்கு தமக்கே விதிக்கப்படும் என்று அப்போது அவர் அறியார்.

1786 ஜூனில் அழைப்பு வந்தது. அரசியின் ஆடைக் காப்பாளர் இருவருள் இரண்டாமவர் என்ற பதவி. ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம், தங்க அறைகள், ஏவலுக்கு ஓர் ஆள். செய்தி கொண்டுவந்த கனவான், இப்பேறு பெற்ற பெண் ஏன் மகிழவில்லை என்று திகைத்துப்போனார். தந்தையோ பூரித்துப்போனார். அரச இசைக்குழுவின் தலைமைப் பதவி அவ்வாண்டுதான் அவர் கைக்கு எட்டாமல் போயிருந்தது. மகள் வழியே அரச தயவு கிட்டுமென்று அவர் எண்ணியிருக்கலாம். ஜூலை 17ஆம் நாள் அவரே மகளை வின்ட்சரில் கொண்டுபோய் விட்டார். மயங்கி விழும் நிலையிலிருந்த மகள், தந்தை மனம் வருந்தலாகாதென்று முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவரை வழியனுப்பினார்.

அரசியை ஒப்பனை செய்பவளை நம் பழைய நூல்கள் வண்ணமகள் என்னும். சொல் அழகாகத்தான் இருக்கிறது. வேலை எப்படி இருந்தது என்பதைப் பர்னியின் நாட்குறிப்பு காட்டுகிறது. காலை ஆறு மணிக்கு எழவேண்டும். ஏழரை மணியளவில் அரசியின் அறையிலிருந்து மணி ஒலிக்கும், ஓடவேண்டும். உடைப்பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பர்னி அரசிக்கு அணிவிக்க வேண்டும். நண்பகலுக்குப்பின் மீண்டும் மணி, முழு அலங்காரம். இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே மூன்றாம் மணி. களைந்து துயில்கொள்ளச் செய்யவேண்டும். இடையில் அரசியின் மூக்குப்பொடியைப் பதமாகக் கலந்து தருவதும் பர்னியின் பொறுப்பு. நாவல் எழுதிய கைக்குப் பொடி கலக்கும் பக்குவமும் நன்றாகவே வந்துவிட்டது. அரசி பாராட்டியதாகப் பதிவு செய்திருக்கிறார்! வீட்டில் யாரேனும் ஒரு வேலைக்காரரை மணியடித்து அழைப்பதைப் போலத் தம்மை அழைப்பதுதான் தொடக்கத்தில் அவரை மிகவும் புண்படுத்தியது.

இதைவிடக் கொடியது மாலைப்பொழுது. முதல் ஆடைக் காப்பாளர் ஷ்வெல்லன்பெர்க் என்னும் ஜெர்மானிய அம்மையாரோடு உணவுண்டு, இரவு மணியொலிக்கும்வரை அவருக்குத் துணையாக அமர்ந்திருக்க வேண்டும். அவ்வம்மையார் தவளைகளை வளர்த்து அவற்றோடு கொஞ்சியவர், சீட்டாட்டப் பிரியர், பர்னிக்கோ சீட்டு பிடிக்காது. 1787 குளிர்காலத்தில் லண்டனுக்குச் செல்லும்போது வண்டிச் சன்னலை மூடவிடாமல் அம்மையார் தடுத்துவிட, பனிக்காற்றில் பர்னியின் கண்கள் வீங்கிச் சிவந்தன. அடுத்த பயணத்திலும் அதே நிலை. இதை அரசியிடம் சொல்லவியலாது. மூத்தவரின் மனம் நோகக்கூடாது என்பது அரண்மனை நீதி.

ஆனால் பர்னியின் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. 1788 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கிய வாரன் ஹேஸ்டிங்ஸ் விசாரணையைக் காண அரசி நுழைவுச்சீட்டுக் கொடுத்தனுப்பினார். இந்தியாவில் நடந்த கொடுமைகளைப் பர்னியின் மதிப்புக்குரிய நண்பர் எட்மண்ட் பர்க் அங்கே முழங்க, பர்னியின் மனம் குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கமே சாய்ந்தது. அரசவைச் சூழல் ஒரு காரணம். ஹேஸ்டிங்ஸின் மென்மையான தோற்றத்தில் மயங்கியது மற்றொரு காரணம். இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலாது. எனினும் அம்மண்டபத்தின் இருக்கை வரிசைகளையும் வந்திருந்தோர் முகபாவங்களையும் அவர்போல் எழுதியவர் சிலரே.

அவ்வாண்டு இறுதியில் அரசர் மனம் பேதலித்தார். நிறுத்தாத பேச்சு, உறங்காத இரவுகள். அரச குடும்பம் கியூ மாளிகைக்கு மாறியது. கோடைக்கு மட்டுமே ஏற்ற அவ்வீட்டின் தரைகளில் விரிப்புகூட இல்லை. மருத்துவர் வில்லிஸும் அவர் மகனும் அரசரை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தனர். 1789 பிப்ரவரி 2ஆம் நாள், அரசர் அங்கிருக்கமாட்டார் என்று எண்ணிப் பர்னி தோட்டத்தில் உலாவச் சென்றார். மரங்களுக்கிடையே சில உருவங்கள். அவற்றுள் ஒன்று அரசர்! அவர்முன் எவரும் படலாகாது என்பது கட்டளை. பர்னி ஓடினார். அரசர் அவர் பெயரைக் கூவிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். அரசர் பின்னால் மருத்துவர்கள். ஓடுவது அரசருக்குத் தீங்கு என்று அவர்கள் கத்தியதும் பர்னி நின்று, திரும்பி, எதிர்கொண்டார். அரசர் அவர் தோள்களில் கைவைத்துக் கன்னத்தில் முத்தமிட்டார்.

பிறகு நெடுநேரம் பேசினார். ஷ்வெல்லன்பெர்க்கின் கொடுமைக்கு அஞ்சவேண்டாம், நான் இருக்கிறேன் என்றார். சார்ல்ஸ் பர்னியைப் பற்றிக் கேட்டார். ஹாண்டலின் இசையைப் பாடிக்காட்ட முயன்று கரகரத்த குரலில் திணறினார். இறந்துபோன டெலேனியை நினைத்துக் கண்கலங்கினார். அரண்மனையில் வேறு யாரும் கவனிக்காத பணிப்பெண்ணின் துன்பத்தை, சித்தம் கலங்கிய மன்னர் ஒருவரே அறிந்திருந்தார் என்பது படிப்பவர் நெஞ்சை உலுக்கும். மூன்றாம் ஜார்ஜின் நோயைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இப்பக்கங்களைத் தேடிச்செல்கின்றனர். ஆனால் எழுதியவர் பல நூல்களில் அடிக்குறிப்பாக நின்றுவிடுகிறார்.

அரசர் தேறினார். பர்னி தேறவில்லை. நம்பிக்கையூட்டிப் பழகிய அரண்மனை அலுவலர் ஒருவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டதும் அவ்வேளையில்தான். இருமலும் காய்ச்சலும் உறக்கமின்மையும் உடலை அரித்தன. இடையிடையே சோக நாடகங்கள் சிலவற்றை எழுதினார்; அவற்றுள் மேடையேறியது ஒன்றே, அதுவும் 1795இல் ஒரே ஓர் இரவு. நண்பர்கள் வெளிப்படையாகவே தந்தையைக் குறைசொல்லத் தொடங்கியபின் அவரும் இசைந்தார். 1790 டிசம்பரில் விலகல் விண்ணப்பம் அரசியிடம் சென்றது. விடுதலை கிட்டியது 1791 ஜூலை 7ஆம் நாள். ஓய்வூதியம் ஆண்டுக்கு 100 பவுன்.

பின்னர் 1793இல் அகதியாக வந்த பிரெஞ்சுத் தளபதி தார்ப்ளேயை மணந்தார். தந்தை திருமணத்துக்கு வரவில்லை. 1796இல் முன்பதிவு செய்வோர் பட்டியலுடன் வெளிவந்த 'கமீலா', அரசிக்கே காணிக்கையாக்கப்பட்டது. அப்பட்டியலில் ஸ்டீவன்டன் ஊரைச் சேர்ந்த ஜே. ஆஸ்டின் என்ற இருபது வயதுப் பெண்ணின் பெயரும் உண்டு. 1811இல் பாரிஸில் மயக்கமருந்தின்றி மார்பகம் அகற்றப்பட்டபோது தாம் உணர்ந்ததைத் தமக்கைக்கு எழுதிய கடிதம், இன்றைக்கும் ஒரே மூச்சில் படித்துவிட இயலாதது. 1840இல், எண்பத்தேழாம் வயதில் மறைந்தார்.

நாட்குறிப்புகள் 1842 முதல் அச்சில் வந்தபோது குரோக்கர் என்ற திறனாய்வாளர் இரக்கமின்றித் தாக்கினார். மறுத்து எழுதியவர் மெக்காலே. ஆம், 1834இல் சென்னையில் கரையிறங்கி உதகை சென்று, மறு ஆண்டு நம் கல்வியின் தலையெழுத்தை மாற்றி எழுதிய அதே மெக்காலேதான். நம் நூல்களை எள்ளியவரிடம் நமக்குக் கசப்புண்டு; ஆயினும் 1843இல் அவர் பர்னிக்காக வாதாடியதைப் படிக்கையில் ஒப்பவே வேண்டியிருக்கிறது. ஓர் எழுத்தாளரை ஊசிகளுக்கும் மூக்குப்பொடிக்கும் காவல் வைத்த அரசியையும், மகளை அதற்கு அனுப்பிய தந்தையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் அரண்மனை ஆண்டுகளை அவர் வெறும் விரயமாகவே கணக்கிடுகிறார். அதில் நமக்குச் சிறு தயக்கமுண்டு. 'செசிலியா'வுக்கும் 'கமீலா'வுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் நாவல் இல்லை என்பது உண்மை. அவ்விழப்பை எதைக்காட்டியும் ஈடுகட்ட முடியாது. ஆயினும் மூன்று மணிகளுக்கிடையே கிடைத்த நிமிடங்களில் தங்கை சூசனுக்காக அவர் எழுதியனுப்பியவை நாவலுக்குக் குறைந்த எழுத்தல்ல.

முதுமையில் பர்னி தம் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு பல வரிகளை மையால் அடர்த்தியாக அடித்து மறைத்தார். குடும்ப மானமும் அரச மதிப்பும் அவரை இறுதிவரை விடவில்லை. அம்மைக்குள்ளிருந்து எழுத்துகளை மீட்கும் பணியில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பல்லாண்டு உழைத்தனர். அரண்மனைக் காலக் குறிப்புகள் மட்டும் 2011 முதல் 2019 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. பர்னி தம் வாழ்நாளில் வெளியிட்ட நாவல்கள் நான்கு.