கிரேட் காட்டன் ரோடு, தூத்துக்குடி

தூத்துக்குடியின் பழைய துறைமுகக் கரையிலிருந்து மேற்கே ஊருக்குள் போகும் சாலை கிரேட் காட்டன் ரோடு. அதன் மேற்குத் தொடர்ச்சியான வெஸ்ட் கிரேட் காட்டன் ரோட்டை முழுப்பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு, ‘டபிள்யூ.ஜி.சி. ரோடு’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று பிடிபடும். இன்று துணியும் நகையும் பாத்திரமும் வாங்க வருவோரின் கடைவீதி. ஆனால் இந்த வழித்தடத்துக்கு முதலில் மதிப்பு தந்தது, ஊரைவிட்டு வெளியேறிய சரக்குதான்.

இந்தக் கரைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது முத்து. அதைத் தேடித்தான் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1530களில் இந்தக் கரையில் முத்துக்குளித்த பரதவர் கத்தோலிக்கரானார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658இல் ஊர் டச்சுக்காரர் கைக்கு மாறியது, 1825இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. ஆயினும் முத்து ஒரு கடைவீதியை உருவாக்கவில்லை. சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டுமே சலாபம் எனும் முத்துக்குளிப்பு நடக்கும். கரையில் கொட்டகைகள் எழும், சிப்பிகள் குவியல் குவியலாக ஏலம் போகும், வியாபாரிகள் கூடுவார்கள். சில வாரங்களில் கொட்டகையும் கூட்டமும் கலைந்துவிடும். அடுத்த சலாபம் எப்போது என்பது கடலுக்கே வெளிச்சம்.

பஞ்சு அப்படியல்ல, ஆண்டுதோறும் வந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காடுகளில் விளைந்த பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடிக்கு இறங்கியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. பஞ்சை அழுத்திப் பொதியாக்கும் பிரஸ்களும் கிட்டங்கிகளும் கரையை ஒட்டிப் பெருகின. 1866இல் நகராட்சி வந்தது, 1876இல் ரயில் வந்தது. கடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை: ஆழம் குறைவென்பதால் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட, பொதிகளைத் தோணிகளே கொண்டு சேர்த்தன.

1888இல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தொடங்கியது. ஏற்றுமதிக்கு வந்த பஞ்சில் ஒரு பங்கு உள்ளூரிலேயே நூலானது. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, கொழும்புத் தடத்தில் ஆங்கிலக் கம்பெனியுடன் மோதினார். 1908இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் ஆதரித்து நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தம், தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் முதல் பெரிய வெற்றிகளில் ஒன்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்து இலங்கைப் பயணிகள் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது ஊருக்கு ஓர் அடி.

சுற்றுவட்டாரத்தில் வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கடற்கரைச் சாலையில் 1713இல் கட்டி முடித்த பனிமய மாதா ஆலயம். கரையோரத்தில் டச்சுக்காரர்கள் 1750இல் எழுப்பிய தேவாலயம். ஊருக்குள் சங்கரராமேஸ்வரர் கோயில். பர்னாந்து, மோத்தா, ரோச், மிராண்டா என்ற பெயர்கொண்ட பரதவக் குடும்பங்களுக்குச் சற்றுத் தள்ளி நாடார் வணிகர்களின் பலசரக்குக் கடைகள். விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோடு, ஜார்ஜ் ரோடு, எம்பரர் தெரு ஆகியவற்றின் ராஜாங்கப் பெயர்களும் அப்படியே நிற்கின்றன. இத்தனை வணிகம் செழித்த ஊருக்கு நல்ல குடிநீர் கிடைத்தது, நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகுதான். கப்பல் ஓட்டியவருக்கு இணையாக அவரை இந்த ஊர் நினைப்பதில் வியப்பில்லை.

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும், பெரிய கப்பல்களும் சரக்கு லாரிகளும் ஊருக்குத் தெற்கே போய்விட்டன. சாதாரணமாக இப்படியொரு சாலை அத்தோடு படுத்திருக்க வேண்டும். கிட்டங்கிகளின் காலம் முடிந்தாலும் கடைகள் பிழைத்துக்கொண்டன. கப்பலை நம்பியிருந்த தெரு வாடிக்கையாளரை நம்பத் தொடங்கியது. 2008இல் நகரம் மாநகராட்சியானது. கடைகளுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தேடுவது முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த மக்ரூனை.

ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. அந்த நாள்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் இங்கே கால் வைக்க இடமிருக்காது. பழைய கட்டடங்களை நின்று பார்க்க விரும்புவோர் வேறு மாதத்தில், காலையிலேயே வருவது நல்லது.